அவிழ்த்துக் கட்டிய கலம்

கலம் ஒன்று ஒருமுறை கட்டப்பட்டு நீரில் இறக்கப்பட்டால், உடையும் வரையிலோ மூழ்கும் வரையிலோ அது ஒரே பொருளாக இருக்கும் என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். கப்பற் கலையைப் பற்றிய நூல்களும் பெரும்பாலும் இந்த எண்ணத்தின் மேல்தான் எழுதப்பட்டுள்ளன. சோழமண்டலக் கரையின் கட்டுமரம் இதற்குள் அடங்குவதில்லை. விடியுமுன் அது கட்டப்பட்டது. மீனோடு கரை சேர்ந்ததும் அவிழ்க்கப்பட்டது. பகலெல்லாம் மரம் மரமாக மணலில் கிடந்து உலர்ந்தது. மறுநாள் மீண்டும் கட்டப்பட்டது. பழுது பார்த்தல் என்பது அதன் வாழ்வில் எப்போதோ நேரும் இடையூறாக இல்லாமல், அன்றாட நியமமாகவே இருந்தது. இந்த ஒரு பண்பை முன்வைத்துக் கட்டுமரத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் எடுத்துக்கொள்ளும் இடம் கடப்பாக்கம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 100 கி.மீ. தெற்கே, மாமல்லபுரத்தைக் கடந்து மேலும் 50 கி.மீ. அளவில் இவ்வூர் உள்ளது. முன்பு காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த செய்யூர் வட்டம், 2019-ல் செங்கல்பட்டு மாவட்டம் உருவானபோது அதனுள் வந்தது. கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடையே கிடக்கும் இந்நிலப்பகுதிக்கு இடைக்கழிநாடு என்று பெயர். இலக்கிய வாசகர்களுக்கு இப்பெயர் புதிதன்று. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் பாணரை ஆற்றுப்படுத்தும் அப்பாட்டில் எயிற்பட்டினம் என்னும் நெய்தல் நிலத்து ஊர் வருகிறது. அங்கே அலைகள் கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரங்கள் கரையில் கிடக்கின்றன. அவற்றைத் துயிலும் ஒட்டகங்களுக்கு ஒப்பிடுகிறார் புலவர். நுளையர் மகள் அம்மரங்களை விறகாக்கித் தேறல் காய்ச்சுகிறாள். புலவர் கண்டவை கட்டுமரங்கள் அல்ல, கடல் தந்த விறகு. ஆயினும் மணலில் நீண்டு கிடக்கும் மரங்களைப் பார்த்து உறங்கும் விலங்கை நினைத்த அந்தக் கண், இக்கரைக்கு உரிய கண் என்றே நமக்குத் தோன்றுகிறது. அவிழ்த்துப் போட்ட கட்டுமரத்தைக் கண்டவர் எவரும் அவ்வுவமையை உடனே ஒப்புக்கொள்வர்.

கட்டுமரம் எவ்வளவு பழமையானது? இக்கேள்விக்கு அகழாய்வு விடை தருவது கடினம். காரணம் எளிது. மூழ்கிய மரக்கலம் கடலடியில் எச்சமாகத் தங்கக்கூடும்; அதன் ஆணிகளும் நங்கூரமும் சரக்கும் பிற்காலத்தவருக்குச் சான்றாகும். கட்டுமரத்துக்கு ஆணி கிடையாது. கயிறு அறுந்தால் மரங்கள் தனித்தனியே மிதந்து, எங்கோ கரை ஒதுங்கி, யாருடைய அடுப்பிலோ எரிந்துபோகும். நாள்தோறும் கலைக்கப்பட்ட பொருள் தன் சிதைவைக்கூட விட்டுச் செல்வதில்லை. ஆகவே நாம் சொற்களையும் பயணிகளின் குறிப்புகளையும் நம்பியே நடக்க வேண்டியிருக்கிறது.

சங்கப் பாடல்களில் பரதவரின் மீன்பிடி கலம் பெரும்பாலும் திமில் எனப்படுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி அச்சொல்லுக்குக் கட்டுமரம் என்ற பொருளையும் தருகிறது. எனினும் எல்லா இடத்திலும் திமில் கட்டுமரந்தான் என்று துணிவதற்கில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்திரேயக் கடற்பயண நூலான பெரிப்ளஸ், இக்கரையின் துறைகளாகக் கமரா, பொதுகா, சோபட்மா என்னும் மூன்றைக் குறிக்கிறது. இவற்றுள் சோபட்மாவைக் கடப்பாக்கத்துக்குத் தெற்கே அடுத்துள்ள மரக்காணத்தோடு இணைப்பவர் உண்டு. எயிற்பட்டினத்தையும் அவ்வூரே என்பர். அத்துறைகளில் ஒற்றை மரங்களைச் சேர்த்துப் பிணைத்த மிகப் பெரிய கலங்கள் இருந்ததாகவும், அவை 'சங்கரா' எனப்பட்டதாகவும் அந்நூல் கூறுகிறது. அவை இரட்டைத் தோணிகளாக இருக்கலாம் என்பது அறிஞர் சிலரின் கருத்து. எப்படியாயினும், மரத்தோடு மரத்தைக் கயிற்றால் பிணைத்துக் கடலுக்குச் செல்லும் வழக்கம் இக்கரையில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அயலார் கண்ணில் பட்டிருக்கிறது.

ஐயத்துக்கு இடமில்லாத வருணனை 16-ஆம் நூற்றாண்டில் கிடைக்கிறது. வெனிஸ் நகரத்து மணி வணிகர் கஸ்பாரோ பால்பி 1583-ல் இக்கலத்தைக் கண்டு எழுதினார். ஏழு உருண்டை மரங்கள். அவற்றுள் ஐந்து அடித்தளம். நடுவிலுள்ளது ஏனையவற்றிலும் நீண்டு முன்னால் நீரைக் கிழிப்பது. இன்னொன்று பின்புறம் நீருக்குள் அமைந்து ஆள் உட்கார இடம் தருவது. பெயரையும் அவர் தம் காதில் விழுந்தபடி 'கதமெரோனி' என்று பதிவு செய்தார். 1673-ல் ஆங்கில மருத்துவர் ஜான் ஃப்ரையர், பிணைத்த மரங்களின் நடுவே ஒரு பாயும் திசைதிருப்பத் துடுப்புகளும் கொண்டு இவை கப்பலை நாடி வந்ததைக் குறித்தார். 1697-ல் வெளியான வில்லியம் டாம்பியரின் பயண நூலும், ஒரே ஆளைச் சுமக்கும் சிறு மரங்களைப் பேசுகிறது. அதில் செல்பவனின் கால்கள் எப்போதும் நீரில்தான் இருக்கும் என்பதை அவர் கவனிக்கத் தவறவில்லை. இக்குறிப்புகளில் பலவற்றை ஓரிடத்தில் திரட்டித் தந்தது யூல், பர்னெல் இருவரும் தொகுத்து 1886-ல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி.

பயணிகள் வடிவத்தை எழுதினார்கள்; வினையை எழுதவில்லை. கட்டுமரத்தின் உயிர் அதைக் கட்டும் வினையில் இருக்கிறது.

மலைவேம்பு, பெருமரம், கலியாண முருங்கை போன்ற எடை குறைந்த மரங்களே இதற்கு உகந்தவை. இவற்றை நீளவாட்டில் செதுக்கி, நடுமரம் சற்றுத் தாழவும் பக்க மரங்கள் சற்று உயரவும் அடுக்குவர். அப்போது மேற்பரப்பு ஆழமற்ற குழிவாக அமையும். அணியம் எனப்படும் முன்பக்கம் குவிந்து மேல்நோக்கி வளையும். முன்னும் பின்னும் குறுக்குக் கட்டைகள் வைத்து, அவற்றின் மேலும் மரங்களின் அடியிலும் கயிற்றைச் சுற்றி இறுக்குவர். முற்காலத்தில் அது தென்னை நார்க் கயிறு. தாவர நாரால் முறுக்கிய கயிறு நனைந்தால் பருத்து நீளம் குறையும். ஆகவே கரையில் கட்டிய கட்டு கடலில் மேலும் இறுகும். பின்னாளில் நைலான் வந்தது. அது அழுகாது என்பது நன்மை. ஆனால் நனைந்து இறுகும் குணம் அதற்கு இல்லை.

இவ்வளவு பாடுபட்டுக் கட்டியதை அன்றே ஏன் அவிழ்க்க வேண்டும்? மூன்று காரணங்களைக் காண்கிறோம். முதலாவது, பளு. நீரில் ஊறிய ஐந்து மரங்களை ஒன்றாக மணல் மேட்டில் ஏற்றுவதற்குப் பெருங்கூட்டம் வேண்டும். ஒவ்வொன்றாக என்றால் ஓரிருவர் தோள் போதும். இரண்டாவது, உலர்தல். மென்மரம் நீரை உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்ச அதன் மிதப்பு குறையும். கட்டிய நிலையிலேயே காயவிட்டால் மரமும் மரமும் தொடும் முகங்கள் ஈரமாகவே இருந்து அங்கிருந்தே மட்கத் தொடங்கும். மூன்றாவது, கப்பற்புழு. புழு என்று பெயர் பெற்றாலும் அது மெல்லுடலி இனத்தைச் சேர்ந்தது. கடல்நீரில் கிடக்கும் மரத்துக்குள் இளம் பருவத்தில் புகுந்து அதைச் சல்லடையாக்கும். ஐரோப்பியர் இதற்கு அஞ்சித் தம் கப்பல்களின் அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு போர்த்தினர். கட்டுமரக்காரருக்குத் தகடு தேவைப்படவில்லை. வெயிலே போதுமானதாக இருந்தது.

அவிழ்த்தல் இன்னொரு பயனையும் தந்தது. அதுவே நமக்கு முதன்மையாகப் படுகிறது. அவிழ்க்கும் ஒவ்வொரு முறையும் கலம் முழுவதும் கண்ணுக்கும் கைக்கும் தெரிந்தது. எந்த மரம் நேற்றைவிடக் கனக்கிறது, எங்கே துளை விழுந்திருக்கிறது, கயிறு எந்த விளிம்பில் தேய்ந்திருக்கிறது என்பதைத் தனியாக ஆராய வேண்டியதில்லை. தூக்கும் தோளே சொல்லிவிடும். கலம் ஒரு பக்கம் சாய்ந்தால், ஊறிய மரம் எது என்று தேடுவர். அலையில் மரங்கள் ஒன்றோடொன்று உரசி ஓசை எழுப்பினால் கட்டு தளர்ந்திருக்கிறது. ஓட்டை விழுந்து நீர் புகும் என்ற அச்சம் மட்டும் இல்லை. ஏனெனில் நீரைத் தடுக்கும் கூடு எதுவும் இதற்கு இல்லை. நீர் இடுக்குகளின் வழியே வரும், போகும். பழுது ஏற்படக்கூடிய இடங்கள் இரண்டே: மரமும் முடிச்சும். மரம் கெட்டால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். முடிச்சு கெட்டால் மறுநாள் எப்படியும் புதிதாகப் போடத்தான் போகிறோம்.

உப்புநீரோடு உறவாடும் கருவிகள் எல்லாவற்றுக்கும் இந்த நியாயம் பொருந்தும். தூண்டிற்கோலில் மீன்பிடிப்பவர்கள் பயன்படுத்தும் பழைய பாணி உருளைச் சுருளியை எடுத்துக்கொள்வோம். இந்திய ஆறுகளில் கோலும் சுருளியும் கொண்டு மீன்பிடிக்கும் கலையைப் பற்றிச் சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-லேயே ஒரு நூல் வெளியிட்டார். அவ்வகைச் சுருளி சுழல மறுத்தால், உள்ளே பல்சக்கரத்தில் உப்புப் படிந்திருக்கும். அல்லது இழுவையைக் கட்டுப்படுத்தும் வட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். தெரிந்தவர் பக்கத் தகட்டைக் கழற்றி, உறுப்புகளைக் கழற்றிய வரிசையிலேயே துணியின் மேல் பரப்பி, கழுவி உலர்த்தி, எண்ணெயிட்டு, வந்த வழியே திரும்பச் சேர்ப்பார். ஓய்வில் வைக்கும்போது இழுவைத் திருகைத் தளர்த்தி வைப்பார்; இறுக்கியபடி விட்டால் வட்டுகள் நசுங்கித் தம் பிடியை இழக்கும். வேலை இல்லாத நேரத்தில் கட்டைத் தளர்த்துவது கருவியின் ஆயுளைக் கூட்டுகிறது. சுருளிக்காரர் ஆண்டில் சிலமுறை செய்வதைக் கட்டுமரக்காரர் நாள்தோறும் செய்தார்.

கடப்பாக்கத்தில் இதற்கு நேர்மாறான ஒரு சின்னமும் அருகிலேயே இருக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு முகலாயர் காலத்தில் எழுந்த ஆலம்பரைக் கோட்டை, ஆற்காட்டு நவாபுகளின் நாணயச் சாலை இருந்த இடம். உப்பும் நெய்யும் சரிகைத் துணியும் இத்துறை வழியே ஏற்றுமதியாயின. 1750-ல் முசாபர் ஜங் இக்கோட்டையை டூப்ளேயின் உதவிக்குக் கைம்மாறாகப் பிரெஞ்சுக்காரருக்கு அளித்தார். 1760-ல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றிச் சிதைத்தனர். நிலைத்து நிற்கவேண்டும் என்று கட்டப்பட்டது, பத்தே ஆண்டுகளில் இருமுறை கைமாறி இடிபாடானது. அதன் நிழலில் நாளுக்கொரு முறை அவிழ்க்கப்பட்டுவந்த கலமோ மேலும் 240 ஆண்டுகளுக்கு மேல் அதே கரையில் இயங்கியது. கோட்டையை வீழ்த்த வந்தவர்களுக்கும் கரையேறக் கட்டுமரக்காரரின் துணை தேவைப்பட்ட கடல் இது.

ஏனெனில் இக்கரையில் இயற்கைத் துறைமுகம் இல்லை. சென்னையில் 1870-களில் துறைமுகப் பணி தொடங்கும்வரை கப்பல்கள் அலைவரிசைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்றன. பயணிகளையும் சரக்கையும் மசூலா படகுகள் கரை சேர்த்தன. அவையும் ஆணியில்லாதவை, பலகைகளைக் கயிற்றால் தைத்தவை. ஆணி அடித்த விறைப்பான படகு அலையின் அடியில் பிளந்துவிடும். தைத்த படகு நெகிழ்ந்து கொடுக்கும். மசூலாவும் செல்ல இயலாத கொந்தளிப்பில் கட்டுமரம் மட்டுமே சென்றது. ஓலையால் முடைந்த தொப்பிக்குள் கடிதங்களை நனையாமல் வைத்துக் கப்பலுக்குக் கொண்டுசென்றவர்களும், படகு கவிழ்ந்தபோது வெள்ளைக்காரப் பயணிகளைத் தூக்கிவந்து பதக்கம் பெற்றவர்களும் இவர்களே. ஒரு பேரரசின் அஞ்சல், சில முடிச்சுகளை நம்பி நடந்தது.

கட்டுமரத்தைக் கல்விப்பொருளாக முதலில் விரிவாக ஆராய்ந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். சென்னை மாகாண மீன்வளத்துறையின் இயக்குநராக இருந்த அவர், இந்தியப் படகு வடிவங்களின் தோற்றம் குறித்து 1920-ல் வெளியிட்ட ஆய்வில், கரைக்குக் கரை கட்டுமரம் வேறுபடுவதைக் காட்டினார். சோழமண்டலத்தில் கயிற்றுக் கட்டு. வடக்கே கஞ்சம் கரையில் மரமுளை கொண்டு இணைப்பு. கோலா மீன் பிடிக்கத் தொலைகடல் செல்லும் பெரிய கோலாமரம் என்று வகைகள் பல. ஒரே கருத்து, அந்தந்தக் கடலின் அலைக்கும் மீனுக்கும் ஏற்ப வேறுவேறாக விடை கண்டிருக்கிறது.

இதனிடையே சொல் தனியே கடல் கடந்துவிட்டது. 1804-ல் பூலோன் துறையில் பிரெஞ்சுக் கப்பல்கள் மீது ஆங்கிலேயர் ஏவிய, நீரில் தாழ மிதக்கும் வெடிப்பெட்டிகளுக்குக் 'கேட்டமரான்' என்று பெயர். அவற்றை வடிவமைத்தவர் நீராவிக் கப்பலால் புகழ்பெற்ற ராபர்ட் ஃபுல்டன். 1876-ல் அமெரிக்கர் நத்தானியல் ஹெரெஷாஃப் இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகைப் பந்தயத்தில் ஓட்டினார். அவ்வகைக்கு இச்சொல் நிலைத்தது. உண்மையில் இரட்டை உடல் படகின் மூதாதையர் பசிபிக் தீவுகளில் இருக்கின்றனர். இன்று உலகெங்கும் 'கேட்டமரான்' என்றால், எந்த நிலையிலும் அவிழ்க்க இயலாத ஒரு வார்ப்புக் கலத்தையே குறிக்கிறது. 'மரம்' போனது வியப்பில்லை. 'கட்டு' போனதுதான் இழப்பு.

கரையிலும் அதுவே நடந்தது. 1950-களுக்குப் பின் இயந்திரப் படகுகள் வந்தன. இழுவலைப் படகுகளுக்கும் சிறு கலங்களுக்கும் மோதல் முற்றியதால், 1983-ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையை ஒட்டிய மூன்று கடல் மைல்களை இயந்திரப் படகுகளுக்கு விலக்கியது. மலைக்காட்டு மென்மரங்கள் அரிதாகி விலை ஏறியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, கரையில் கிடந்த மரங்களை ஒரே காலையில் அள்ளிச் சென்றது. நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகள். மீனவர் வழக்கில் அவை 'பைபர் படகு'. ஆயிரக்கணக்கில் அவை வழங்கப்பட்டபின் கட்டுமரம் கரையின் ஓரத்துக்கு ஒதுங்கியது.

இதைப் புலம்பலாகச் சொல்ல நமக்கு உரிமையில்லை. கட்டுமரத்தில் சென்றவர் பகல் முழுதும் நனைந்திருந்தார். காற்றில்லாத நாளில் கை ஓயத் துடுப்பு வலித்தார். மிகுதியான மீனை ஏற்ற அதில் இடமில்லை. பைபர் படகு அவரை உலர்ந்தவராக, விரைவாக, தொலைவாக அழைத்துச் செல்கிறது. மீனவர் அதை விரும்பியே ஏற்றனர். ஆனால் மாற்றத்தின் கணக்கில் ஒரு வரவு எழுதப்படாமல் விடுபட்டுள்ளது. பைபர் உடலில் விரிசல் விழுந்தால் பிசினும் இழைப்பாயும் வாங்க வேண்டும். என்ஜின் நின்றால் மெக்கானிக் வர வேண்டும். இரண்டுக்கும் கையில் பணம் வேண்டும். தன் கலத்தின் நோயைத் தானே அறிந்து, அன்றே தீர்த்துக்கொண்டிருந்த ஒருவர், கடலில் நின்றுபோன என்ஜினுக்கு முன்னே கைபிசைந்து காத்திருப்பவராகிறார். இழந்தது வெறும் மரமாக இருந்தால் அதை அருங்காட்சியகத்தில் வைத்துவிடலாம். இழப்பது ஓர் அறிவு.

அருங்காட்சியகத்தின் எல்லையும் இங்கேதான் தெரிகிறது. தெசியஸ் மன்னனின் கப்பலில் பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய பின் அது பழைய கப்பல்தானா என்று ஏதென்ஸ் நகரத்து அறிஞர்கள் வாதிட்டதாகப் புளுட்டார்க் எழுதுகிறார். கடப்பாக்கத்து மீனவர் அக்கேள்வியைக் கேட்டு வியந்திருப்பார். மரங்கள் மாறின, கயிறு மாறியது. கட்டும் முறை மாறவில்லை. ஆகவே கலம் அதுவே. இதன்படி, கண்ணாடிக் கூண்டுக்குள் நிரந்தரமாக இறுக்கிக் கட்டி வைக்கப்பட்ட கட்டுமரம், அதன் மரங்கள் எவ்வளவு பழையனவாயினும், கட்டுமரம் ஆகாது. காக்கப்பட வேண்டியது கட்டிய பொருளைவிடக் கட்டும் செயல்: எந்த மரம் முதலில், கயிறு எந்தப் பக்கமிருந்து, எத்தனை சுற்று, எவ்வளவு இறுக்கம், அவிழ்க்கும்போது எந்த முடிச்சு கடைசியில். அச்செயலைத் தம் கைகளில் வைத்திருப்பவர்கள் இன்று முதியவர்கள். அவர்கள் கட்டிக் காட்ட, இளைஞர் ஒருவர் அருகிலிருந்து அவிழ்த்துப் பார்த்துத் திரும்பக் கட்ட, அதை வரிசை மாறாமல் எழுதிவைப்பதற்குப் பெருஞ்செலவு எதுவும் ஆகாது. நமக்கு ஏட்டில் பல கலங்களின் பெயர்கள் உண்டு: திமில், அம்பி, பஃறி, வங்கம், நாவாய். அவற்றுள் ஒன்றைக்கூட எப்படிக் கட்டினார்கள் என்று நம்மால் முழுமையாகச் சொல்ல இயலவில்லை. கட்டுமரத்தையும் அவ்வரிசையில் வெறும் பெயராகச் சேர்த்துவிடாமல் இருக்கும் வாய்ப்பு, இன்னும் சில ஆண்டுகளுக்கு நம்மிடம் இருக்கிறது.